பக்கத்து வீட்டுக்குப் போகும் பலகாரம்

பண்டிகைக் காலத்தில் அண்டை அயலாருக்குப் பலகாரம் கொடுக்கும் வழக்கத்தை விளக்கி எழுதுங்கள் என்று வகுப்பில் ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள், ஆசிரியர்களே. பெரும்பாலான தாள்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். அம்மா அதிகாலையில் எழுந்தார். முறுக்கு சுட்டார். மலாய்க்கார வீட்டுக்கும் சீனர் வீட்டுக்கும் கொடுத்தோம். இன ஒற்றுமை ஓங்கியது. முற்றும். எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருக்கலாம். விளக்கம் என்று எதுவும் இருக்காது.

மாணவர்களே, உங்கள் மேல் கோபம் இல்லை. சுட்டுப் பார்க்காத பலகாரத்தை எப்படி விளக்குவது? சிவப்பு மூடிப் போத்தல்களில் வாங்கி வந்து மேசையில் அடுக்கிவிட்டால், அது எப்படி உருவானது, ஏன் கெடாமல் இருக்கிறது, எந்த வீட்டுக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விகளே எழாது. கேள்வி எழாத இடத்தில் 'ஒற்றுமை ஓங்கியது' என்ற வாக்கியம்தான் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு சின்னக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். தீபாவளிக்குப் பல நாள் முன்பே சுட்டு, டின்னில் போட்டு, ஊர் விட்டு ஊர்கூட அனுப்புகிறோமே, அது ஏன் எப்போதும் முறுக்காகவே இருக்கிறது? கேசரியை ஏன் அப்படி அனுப்புவதில்லை?

காரணம் தண்ணீர். உணவைக் கெடுக்கும் பூஞ்சணமும் கிருமிகளும் வளரத் தண்ணீர் வேண்டும். கேசரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது. நம்ம நாட்டு வெக்கையில் மறுநாளே வாடை மாறிவிடும். முறுக்கில் இருந்த தண்ணீரை எண்ணெய்ச் சட்டி வெளியேற்றிவிட்டது. நெய்யுருண்டையில் முதலிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை: வறுத்து அரைத்த பாசிப்பயற்று மாவு, பொடித்த சீனி, ஏலக்காய், முந்திரி, காய்ச்சிய நெய், அவ்வளவுதான். அதிரசம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்குள் ஈரம் உண்டு. ஆனால் வெல்லப்பாகு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகளுக்கு எளிதில் கிடைக்காது. அதனால் சில நாள் தாங்கும், பல வாரம் தாங்காது.

இது புரிந்துவிட்டால் வீட்டில் பாட்டி வகுத்த வேலை வரிசையும் புரிந்துவிடும். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முறுக்கு, ரிப்பன் பக்கோடா, ஓமப்பொடி. ஒரு வாரம் இருக்கும்போது நெய்யுருண்டை. இரண்டு மூன்று நாளைக்கு முன் அதிரசம். சுசியம், வடை, கேசரி எல்லாம் அன்றைக்குக் காலையில். யாரும் அட்டவணை எழுதி ஒட்டவில்லை. தண்ணீர் குறைந்தது முதலில், தண்ணீர் கூடியது கடைசியில். இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டுரையில் எழுதிப் பாருங்கள். திருத்துகிறவர் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, இவ்வளவு நாள் தாங்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? பலகாரம் போக வேண்டிய வீடுகள் நிறைய இருந்தன. கேரித் தீவை எடுத்துக்கொள்வோம். சிலாங்கூரின் கோலா லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு நிலப்பரப்பிலிருந்து பிரித்து வைத்த தீவு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிலம் பெற்றுத் தோட்டம் போட்ட எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயரின் பெயர்தான் தீவுக்கு நின்றுவிட்டது. அவருக்கு முன்பிருந்தே அங்கே வாழும் பூர்வகுடி மக்கள் மா மெரி இனத்தவர். தோட்ட வேலைக்கு நம் முன்னோர் வந்து சேர்ந்தார்கள். முதலில் பால்மரம், பிறகு செம்பனை. வரிசையாக லயத்து வீடுகள். ஒரு வீட்டில் எண்ணெய்ச் சட்டி காய்ந்தால் அடுத்த பத்து வீட்டுக்கு வாசம் போய்விடும். வாசம் போன வீட்டுக்குத் தட்டும் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். இதைத் தவிர, நிலப்பரப்புக்குக் கட்டிக்கொடுத்த மகள், கிள்ளானில் வேலை பார்க்கும் தம்பி என்று தூரத்து வீடுகளுக்கும் ஒரு டின் போக வேண்டும். ஒரே நாளில் செய்து முடிகிற வேலையா? அதனால்தான் தாங்கும் பலகாரம் பரிசாக ஆனது. தாங்காத பலகாரம் வந்த விருந்தாளிக்கு வாழையிலையில் பரிமாறுவதாக நின்றது.

இப்போது முறுக்குக்குள் கொஞ்சம் ஆழமாகப் போவோம். ஏனென்றால், நன்றாக விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் கிடையாது.

பொதுவான அளவு, நான்கு கோப்பை அரிசி மாவுக்கு ஒரு கோப்பை வறுத்து அரைத்த உளுந்து மாவு. சில வீடுகளில் உளுந்துக்குப் பதில் பொட்டுக்கடலை மாவு. எள் அல்லது ஓமம், உப்பு, கொஞ்சம் நெய் அல்லது வெண்ணெய். நம்ம நாட்டில் தண்ணீருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைகிறவர்கள் அதிகம். நெய் கூடிப்போனால் பிழிந்த முறுக்கு எண்ணெயில் விழுந்ததும் உதிர்ந்து பிரிந்துவிடும். குறைந்துபோனால் பல்லுக்குச் சோதனை. தீபாவளி வருவதோ மழைக் காலத்தில். அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி அரைத்தாலும் மாவில் ஈரம் நிற்கும். அதனால் மாவை இலேசாக வறுத்துச் சலித்துக்கொள்வது வழக்கம்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க மாவில் ஒரு துளி கிள்ளிப் போடுவார்கள். கீழே போய் உடனே மேலே வந்தால் பதம். முறுக்கைப் போட்டவுடன் சட்டி முழுக்க நுரை பொங்கும். இங்கே பல மாணவர்கள் 'எண்ணெய் கொதித்தது' என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணெய் கொதிக்கவில்லை. அந்த நுரை, மாவுக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுவதால் வருவது. 'சத்தம் அடங்கட்டும், அப்புறம் எடு' என்று பெரியவங்க சொல்வாங்க, கேட்டிருப்பீர்கள். சலசலப்பு அடங்கிவிட்டது என்றால் உள்ளே வெளியேற வேண்டிய தண்ணீர் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். நிறத்தை மட்டும் பார்த்து அவசரமாக எடுத்த முறுக்கு அன்றைக்கு மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து டின்னைத் திறந்தால் நமுத்துப் போயிருக்கும். பரிசாகக் கொடுத்த முறுக்கு கொடுத்த வீட்டில் நமுக்காது, வாங்கிய வீட்டில்தான் நமுக்கும். நமக்குத் தெரியாமலேயே போகும் அந்த மானக்கேடுதான் பாட்டியைச் சட்டிக்கு முன்னால் பொறுமையாக உட்கார வைத்தது.

சுட்டெடுத்ததும் எண்ணெய் வடியவிட்டு, முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் படிந்து, தண்ணீராகத் திரும்பி முறுக்கின் மேலேயே சொட்டும். ஆறவைக்கிறேன் என்று இரவு முழுக்கத் திறந்து போட்டுவிடவும் கூடாது. இந்த ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை முறுக்கு உறிஞ்சிக்கொள்ளும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. முறுக்கு கெட்டுப்போகப் பூஞ்சணம்தான் வர வேண்டும் என்பதில்லை. எண்ணெய் காற்றோடு சேர்ந்து பழசானாலே ஒரு சிக்கு வாடை அடிக்கும். கேரித் தீவு முழுக்க நிற்கும் செம்பனை இங்கே கைகொடுக்கிறது. செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற வகை. அந்த வகை காற்றோடு எளிதில் வினைபுரியாது. பொரிப்பதற்கு அது தோதாக இருப்பதற்கும், பொரித்த பண்டம் சீக்கிரம் சிக்கு அடிக்காததற்கும் இதுவும் ஒரு காரணம். ஆனால் மூன்று தடவை காய்ந்து கறுத்த எண்ணெயில் சுட்டால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. வீட்டுக்கு என்றால் அது உங்கள் விருப்பம். பிறருக்குக் கொடுப்பதற்குப் புது எண்ணெய்தான்.

எண்ணெய் என்றதும் மொழியாசிரியர் கை சும்மா இருக்குமா? எள் + நெய் = எண்ணெய். ஆதியில் எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டும் உரிய பெயர், பிறகு எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. அதனால்தான் 'எண்ணை' என்று எழுதினால் பிழை; உள்ளே இருக்கும் நெய் காணாமல் போய்விடுகிறது. நெய் + உருண்டை = நெய்யுருண்டை; தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும். முறுக்கு என்பது முறுக்குதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர், ஆகவே வல்லின றகரம். 'முருக்கு' என்று எழுதினால் அது ஒரு மரத்தின் பெயர். பக்கத்து வீட்டுக்கு மரத்தைக் கொடுத்தனுப்பாதீர்கள். இன்னொன்று: எண்ணெயில் பொரிப்பதை 'முறுக்கு சுட்டார்' என்று எழுதலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக எழுதலாம். பலகாரத்துக்குச் 'சுடுதல்' என்பது நெடுநாள் வழக்கு.

அச்சுமுறுக்குக்கு வருவோம். அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சீனி கலந்த மாவில், காயும் எண்ணெயில் சூடேற்றிய பூ அச்சைத் தோய்த்து எடுப்பார்கள். அச்சின் மேல்விளிம்பு மாவுக்குள் முழுகக்கூடாது. முழுகினால் மாவு மேலே மூடிக்கொண்டு கழன்று விழாது. இதே பண்டத்தை மலாய்க்காரர்கள் குவே ரோஸ் என்றும் குவே லோயாங் என்றும் சொல்கிறார்கள். கேரளத்தில் அச்சப்பம், இலங்கையில் கொக்கிஸ். சீனப் புத்தாண்டுக்கு நமக்கு வரும் குவே காப்பிட்டை நினைத்துப் பாருங்கள், 'காதல் கடிதம்' என்று விற்கிறார்களே, அந்த மெல்லிய மடிப்பு. அதற்கும் ஏறக்குறைய இதே மாவு, இதே தேங்காய்ப்பால், இதே முட்டை. அங்கே இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் ஊற்றிக் கரியடுப்பில் வாட்டி, சூடாக இருக்கும்போதே மடிக்கிறார்கள். இங்கே அச்சில் தோய்த்து எண்ணெயில் விடுகிறோம். 'இன ஒற்றுமை' என்று எழுதத் துடிக்கும் மாணவர்கள் இந்த ஓர் ஒப்பீட்டை எழுதினால் போதும். அந்தச் சொல்லே தேவைப்படாது.

யாருக்கு எதைக் கொடுப்பது? பரிசு என்ற சொல்லுக்கு உயிர் கொடுப்பது இந்தப் பகுதிதான். மாணவர் கட்டுரைகளில் அடியோடு காணாமல் போவதும் இதுதான்.

முஸ்லிம் அண்டை வீட்டுக்குப் போகும் பலகாரத்தில் சேரும் பொருள்கள் எல்லாம் ஹலாலாக இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய், நெய், மாவு எல்லாவற்றுக்கும் கடையில் முத்திரை பார்த்து வாங்கலாம். வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பவர்கள் என்றால் பலகாரத்துக்கென்று தனிச் சட்டி, தனி அச்சு வைத்துக்கொள்வது மரியாதை. அப்படியும் சிலர் தயங்கலாம். வற்புறுத்தக்கூடாது, மனம் கோணவும் கூடாது. சீனர் வீட்டில் பௌத்த நெறிப்படி சைவம் உண்பவர்கள் இருந்தால், முட்டை சேர்ந்த அச்சுமுறுக்கை விலக்கிவிடுங்கள். பூண்டு தட்டிப் போட்ட முறுக்கும் அவர்களில் பலருக்கு ஆகாது. நம்மவர்களிலும் முட்டை சேர்க்காதவர்கள் உண்டு. கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே டின் மூடியில் ஒரு சின்னத் தாள் ஒட்டி, 'முட்டை உண்டு', 'கடலை உண்டு' என்று தமிழிலும், பெறுகிறவர் மலாய்க்காரர் என்றால் தெலுர், கச்சாங் என்று மலாயிலும் எழுதிவிடுங்கள். சுட்ட தேதியையும் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. இனிப்புநீர் உள்ள பெரியவருக்கு இனிப்பை விட்டுவிட்டு முறுக்கை வாரிக் கொடுப்பதில் அர்த்தமில்லை, முறுக்கும் மாவுதானே. கொடுப்பதைக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

இன்னொரு வீடு இருக்கிறது. அந்த ஆண்டில் துக்கம் நடந்த வீடு. நம் குடும்பங்கள் பலவற்றில், இறப்பு நடந்த ஆண்டு தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. பிள்ளைகள் மட்டும் என்ன செய்யும்? அவர்களுக்கும் பள்ளியில் எல்லாரும் முறுக்குப் பேச்சுதான் பேசுவார்கள். அதனால் உறவுக்காரர்களும் அக்கம் பக்கத்தாரும் அந்த வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போவார்கள். மற்ற வீடுகளுக்குப் போகும் தட்டு ஒரு மகிழ்ச்சிப் பரிமாற்றம். இங்கே அதுவே அந்த வீட்டின் பண்டிகை முழுவதும். திருப்பி எதுவும் எதிர்பார்க்கக்கூடாது. வாசலில் நின்று பேசிவிட்டு வந்தால் போதும். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு எந்த வீடு அது என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அடுக்குமாடியில் எதிர்க்கதவுக்காரர் பெயரே தெரியாத நமக்கு, விசாரித்தால்தான் தெரியும். கேரித் தீவிலும் இன்று நிலைமை மாறிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பந்திங்கிலும் கிள்ளானிலும் குடியேறிவிட்டார்கள். தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் ஊரைவிட்டு வந்து தனியாக வாழும் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ இருக்கலாம். அவருக்கும் ஒரு தட்டு போகலாம் என்று நான் நினைக்கிறேன்.

தட்டு என்றேன். தட்டுக்கும் டின்னுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. டின்னைக் கொடுத்தால் போய்விட்டது. தட்டு திரும்பி வர வேண்டும், அதுவும் வெறுமனே வரக்கூடாது. கொஞ்சம் சீனி, நாலு வாழைப்பழம், கையில் எது இருக்கிறதோ அதை வைத்துத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கம். மலாய்க்காரக் குடும்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு. சில சமயம் தட்டு உடனே வராது. நோன்புப் பெருநாள் வரைக்கும் அந்த வீட்டிலேயே இருந்து, லெமாங்கோடு வந்து சேரும். மாதக்கணக்கில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு திறந்தே இருக்கும். நெகிழிப் போத்தல் வந்த பிறகு அந்தக் கணக்கு உடனுக்குடன் தீர்ந்துவிடுகிறது. வசதிதான், மறுக்கவில்லை.

நாள் தாங்க வேண்டிய பலகாரத்துக்கு டின், கைக்கெட்டும் வீட்டுக்குத் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். வேறு அழகான வழியும் உண்டு. கேரித் தீவில் சுங்கை பும்புன் கிராமத்து மா மெரி பெண்கள் ஓலைப் பின்னலில் கைதேர்ந்தவர்கள். மெங்குவாங், பண்டான் வகை ஓலையில் பின்னும் சிறு பெட்டிகளில், உள்ளே தாள் விரித்து நெய்யுருண்டையை அடுக்கிக் கொடுத்தால், பலகாரம் தீர்ந்த பிறகும் பெட்டி அந்த வீட்டில் இருக்கும். முறுக்கை மட்டும் அதில் வைக்காதீர்கள். ஓலை காற்றை விடும், முறுக்கு நமுத்துவிடும்.

'டீச்சர், இதுக்கெல்லாம் எங்கே நேரம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தீபாவளி நெருங்கினால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எல்லாப் பலகாரமும் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. வீட்டில் சுட்டு விற்கும் அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை, அவர்கள் குடும்பமும் அதில்தான் தீபாவளி கொண்டாடுகிறது. ஆறு வகையை வாங்கி, ஒரு வகையை மட்டும் வீட்டில் செய்யுங்கள் என்பது என் யோசனை. முதல் முறை என்றால் நெய்யுருண்டை. எண்ணெய்ச் சட்டி இல்லை, பிழியும் அச்சு இல்லை. நெய்யை நன்றாகக் காய்ச்சி மாவில் ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டில் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உதிரும், உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் சூடான நெய் விட்டால் சரியாகிவிடும். சூடான நெய்யை ஊற்றும் வேலை மட்டும் பெரியவர்களுடையது.

மாணவர்களே, இப்போது பேனாவை எடுங்கள். செய்முறையை விளக்கும் பத்தியில் 'செய்தார்' என்ற ஒரே வினையை வைத்து ஓட்டாதீர்கள். மாவை வறுக்கிறோம், சலிக்கிறோம், பிசைகிறோம், பிழிகிறோம், பாகைக் காய்ச்சுகிறோம், எண்ணெயை வடிக்கிறோம், பண்டத்தை ஆறவைக்கிறோம், அடுக்குகிறோம். ஒவ்வொரு வினையும் ஒரு படியைக் காட்டும். ஒவ்வொரு படிக்கும் ஓர் 'ஏனெனில்' அல்லது 'இல்லாவிட்டால்' சேர்த்துவிட்டால் அது சமையல் குறிப்பிலிருந்து விளக்கக் கட்டுரையாக மாறும். 'முறுக்கை ஆறவைத்தனர்' என்பது செய்தி. 'சூட்டோடு மூடினால் ஆவி நீராகி முறுக்கை நமுக்கச் செய்யும் என்பதால் ஆறவைத்தனர்' என்பது விளக்கம். பேச்சு வழக்குச் சொற்களில் 'நமுத்தல்' போன்றவற்றைத் தயங்காமல் எழுதுங்கள், அகராதியில் இடம்பெற்ற நல்ல தமிழ்ச் சொல் அது. 'டின்' என்பதைக் கட்டுரையில் தகரப்பெட்டி என்றோ கொள்கலன் என்றோ எழுதிக்கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி, இரண்டு பாட வேளைக்குப் போதும். சென்ற பண்டிகையில் தன் வீட்டிலிருந்து எந்தெந்த வீட்டுக்கு என்ன போனது, அங்கிருந்து என்ன வந்தது என்று ஒவ்வொரு மாணவரும் வீட்டில் கேட்டு எழுதி வர வேண்டும். வீட்டின் பெயர் வேண்டாம், 'எதிர்வீடு', 'மூன்றாம் மாடி' என்றால் போதும். எதுவும் போகவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதட்டும். வகுப்பில் அந்தப் பட்டியலில் ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த வீட்டுக்கு ஏன் அந்தப் பலகாரம் போனது, அல்லது வரும் ஆண்டு எதை அனுப்பலாம் என்று 150 சொல்லில் விளக்கச் சொல்லுங்கள். தாளில் 'ஒற்றுமை' என்ற சொல் வரக்கூடாது.